பூசையில் அகப்பட்ட பாடப்புத்தகம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை எங்கும் ஒளித்ததில்லை. ஒளிக்கிற தேவையும் வந்ததில்லை. எண்பதுகளில் பக்குரங்காவில் சொந்தக் கராஜ் வைத்திருந்த யாழ்ப்பாணத்தான் நான் ஒருவன்தான். ஒக்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் யாருடைய கார் இருமினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று சொல்லுவேன். தொலைபேசியில் கேட்டும் சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்கள் அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களை விசாரிக்கலாம். இன்று பாட்டனி டவுன்ஸில் பெரிய கடைத்தொகுதி நிற்கிற இடமெல்லாம் அன்று மாடு மேய்ந்த புல்வெளி. திருத்திய கார்களை அந்த வழியால்தான் ஓட்டிப் பார்ப்பேன். இங்கே ஒருநாள் கடை கடையாக வரப்போகிறது என்று மனைவிக்கு அப்போதே சொன்னவன் நான். அவள் மாட்டைக் காட்டிச் சிரித்தாள்.

இப்படிக் கையால் உழைத்தவன் ஏன் டிகிரி படிக்கப் போனான் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒரு பிறந்தநாள் விருந்துதான் காரணம்.

அந்த நாளில் ஒக்லாந்துத் தமிழரெல்லாம் ஒரு தேவாலய மண்டபத்துக்குள் அடங்கிவிடுவோம். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் படித்த ஆட்கள். டாக்டர், எஞ்சினியர், ஆசிரியர். அவர்களில் கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்த கணக்காளர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா கிடக்காது. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், சாப்பாட்டுக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“ஐசே, உம்மை ஒண்டு கேக்கோணும். நீர் எது வரைக்கும் படிச்சனீர்?”

“எட்டு.”

“எட்டுப் பாடமும் பாஸோ? கெட்டிக்காரன்தான்.”

“எட்டாம் வகுப்பு.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கத்தரிக்காய்க் குழம்பைக் கோப்பையில் விடும்போது என் வாய் தானாகத் திறந்தது.

“நான் இன்னும் படிச்சு முடிக்கேல்ல. வாற வருசம் டிகிரிக்குப் போறன்.”

“என்ன டிகிரி ஐசே?”

அன்று காலையில்தான் கராஜுக்கு வரும் இலவசப் பத்திரிகையில் ஒரு சிறு கல்லூரியின் விளம்பரத்தைப் பார்த்திருந்தேன். ஒரு எண்ணெய் வடிகட்டியைச் சுற்றுவதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்தபோது கண்ணில் பட்டது. “ஏசியன் ஸ்டடீஸ்,” என்றேன்.

“அது எங்களைப் பற்றின படிப்பெல்லோ?”

“ஓம். பாடமே நான்தான். என்னை எப்பிடிப் பெயில் விடுவாங்கள்?”

இப்போது வரிசை எனக்காகச் சிரித்தது. என் மனைவி ஊரில் பாலர் வகுப்புப் படிப்பித்தவள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னாள்: “வாயைக் குடுத்திட்டியள். இனிப் போய்ப் படியுங்கோ.”

கல்லூரி, துறைமுகப் பாலத்தைத் தாண்டி ஆல்பனிப் பக்கம் இருந்தது. இன்று ஆல்பனி என்றால் பல்கலைக்கழகமும் மாலும். அன்று பழத்தோட்டமும் ஸ்ட்ரோபெரித் தோட்டமும்தான். தோட்டத்து நடுவே இரண்டு பழைய மரவீடுகளையும் ஒரு நீளக் கொட்டிலையும் வைத்துக்கொண்டு கல்லூரி என்று பலகை போட்டிருந்தார்கள். வயது வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாமலும் இடம் கொடுத்தார்கள். என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டவர் ஒரு பெண் விரிவுரையாளர். நெட்டையான வெள்ளைக்காரி. யப்பானில் பல வருடம் இருந்தவர். காலில் செருப்பில்லை. இந்த நாட்டில் கடைக்கும் வெறுங்காலோடு போவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படிப்பிக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றிய ஒருவரைக் கண்டதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. என் சப்பாத்தையும் கழற்றி வாசலில் வைத்தேன்.

முதல் கட்டுரை, ஆசியச் சமூகம் ஒன்றில் குடும்பமும் காணியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பற்றி. இதற்குப் புத்தகம் எதற்கு? என் மாமன்மாரின் வேலிச் சண்டை ஒன்று போதாதா? ஒரே இருப்பில் எழுதிக் கொடுத்தேன். பெயில். விரிவுரையாளரிடம் நேரே போனேன்.

“இதில் எது பிழை?” என்று கேட்டேன்.

“பிழை என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டிருக்கிறேன். இதை எங்கிருந்து எடுத்தாய்?”

“ஆதாரம் நான்தான்.”

“சரி. நீ சொல்வது உன் ஊருக்கு மட்டும் பொருந்துமா, பக்கத்து ஊருக்கும் பொருந்துமா? அதை நான் எப்படி அறிவது?”

பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, நூலகம் இருந்த கொட்டிலைக் கையால் காட்டினார்.

அன்றிலிருந்து ஆறேழு வருடம். பகலில் கராஜ், பின்னேரத்தில் பாலம், வகுப்பு, திரும்பப் பாலம். ஊரிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அந்த வருடங்களில்தான் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தது, வாடகை வீடு பிடித்துக் கொடுத்தது எல்லாம் என் வான் வண்டிதான். அதற்கிடையிலும் ஒரு வகுப்பைத் தவறவிட்டதில்லை. படித்த ஆட்கள் படித்ததற்குக் காரணம் அவர்களுக்கு வேறு வேலை இல்லாததுதான் என்று நான் நினைப்பதுண்டு.

தனியாகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி இருந்தார். வெள்ளைக்காரி, தனிக்கட்டை, என்னை விட மூத்தவர். அவருடைய பழைய இங்கிலாந்துக் கார் மழை என்று சொன்னாலே நின்றுவிடும். அதை நான் ஓட வைத்தேன். என் ஆங்கிலத்தை அவர் ஓட வைத்தார். என் கட்டுரையை வாங்கி, “இந்த வசனத்துக்குக் காய்ச்சல். இது பிழைக்கும். இது செத்துப்போயிற்று, எடுத்துவிடு,” என்று சொல்லிச் சொல்லித் திருத்துவார். ஆஸ்பத்திரியில் அதட்டிப் பழகிய குரல். நான் யாருடைய அதட்டலுக்கும் அடங்கியவனில்லை. அவருக்கு மட்டும் அடங்கினேன்.

கடைசி வருடம் ஒரே ஒரு பாடம் மிச்சம் இருந்தது. ஆசியாவின் தொழில் வளர்ச்சி. பெரும்பகுதி யப்பான். எனக்கும் தாதிக்கும் அதுதான் கடைசி. அந்தப் பாடத்தை அதோடு கல்லூரி நிறுத்தப் போகிறது என்றும் அறிவித்திருந்தார்கள். தவறினால் அடுத்த வருடம் திரும்ப எழுத இடமில்லை. அத்தனை வருடமும் பாலத்தைக் கடந்து போனது வீண். கணக்காளர் என்னை விடமாட்டார் என்பது வேறு.

பரீட்சை முழுவதும் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து வரும். பச்சை மட்டை, தலையணைக் கனம். கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு பிரதி. வார இறுதிக்கு மட்டும் ஒருவருக்கு இரவல் கொடுப்பார்கள். முந்திய வார இறுதியில் தாதி அதை எடுத்துப்போனார். தங்கைக்குச் சுகமில்லாமல் போனதால் முன்பாதியைத்தான் வாசிக்க முடிந்தது. பரீட்சைக்கு முந்திய வார இறுதி என்னுடையது. சனிக்கிழமையும் ஞாயிறு மத்தியானமும் எனக்கு. ஞாயிறு பின்னேரம் தாதி என் வீட்டுக்கு வந்து வாங்கிப் போவார். திங்கள் காலை பரீட்சை. இதுதான் ஒப்பந்தம்.

நான் எந்த வேலையையும் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறவன். புகை எப்படி வருகிறது என்று பார்த்தால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். ஆகவே சனிக்கிழமை முழுவதும் இருந்து பின்பாதியை வாசித்து முடித்தேன். ஞாயிறு மத்தியானம் முன்பாதி என்று திட்டம்.

அந்த ஞாயிறு சரஸ்வதி பூசை.

எனக்கு அது தெரியாமல் இல்லை. கராஜில் பெற்றோல் கிடப்பதால் விளக்குக் கொளுத்த, இடத்தை வாடகைக்குத் தந்தவன் விடமாட்டான். ஆகவே ஒவ்வொரு வருடமும் வேலை ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துதான் பூசை செய்வது வழக்கம். அன்று காலையும் புத்தகத்தைக் குசினியில் சமையல் மேசையில் வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். ஸ்பேனர்களைத் துடைத்தேன். யப்பான் கார்களின் பின்பெட்டியில் ஒரு சின்னத் துணிப்பையில் அவசரத்துக்கான ஆயுதங்கள் வைத்து விடுவார்கள். அப்படி ஒரு பையும் என்னிடம் இருந்தது. அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். நாலைந்து குடும்பங்கள் அதற்குள் வந்திருந்தன. கணக்காளரும் வந்திருந்தார். குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வர, மனைவி அவசரப்படுத்தினாள்.

“இஞ்சருங்கோ, நேரம் போகுது. ஆயுதத்தை வச்சிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்துங்கோ.”

சுவரோரம் வெள்ளைப் பட்டு விரித்த ஒரு மேடை. அதன் மேல் சரஸ்வதி படம், கும்பம், பூ. ஸ்பேனர்களுக்கு நானே சந்தனம் பூசினேன். நானே கற்பூரம் காட்டினேன். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடலையும் அவலும் வடையும் கைக்கு வந்தன. வடையைக் கடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். மேசை வெறுமையாகக் கிடந்தது.

“மேசையில இருந்த என்ர புத்தகம் எங்கை?”

“எந்தப் புத்தகம்?”

“பச்சை மட்டை. தடிச்ச புத்தகம்.”

மனைவிக்கு முகமெல்லாம் பெருமை. “அதுதான் அடியில கிடக்கு. நல்ல பலமா இருந்தது. அதைக் கீழ வச்சு, அதுக்கு மேல பிள்ளையின்ர, என்ர, எல்லாப் புத்தகமும் அடுக்கி, பட்டு விரிச்சு, படம் வச்சனான். இந்த வருசம் ஆட்டம் இல்லாமல் நிண்டதே, பாத்தனீங்கள்தானே?”

வடையை மேசையில் வைத்தேன். “நாளைக்குச் சோதினை!”

“நாளைக்கு விசயதசமி. விடிய எடுத்து வாசியுங்கோ. இதைவிட நல்ல நாள் வருமே?”

“விடிய வாசிச்சு முடியிற புத்தகமே அது? இப்ப எடுக்கோணும்.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் நான் வென்றிருப்பேன். “பிள்ளைக்கும் ஸ்கூல் சோதினை வருது. அவளின்ர புத்தகமும் அதிலதான் கிடக்கு. பூசையில வச்ச புத்தகத்தை விசயதசமிக்கு முதல் ஆரும் தொட்டதை நான் காணேல்ல. உங்கடை ஒண்டுக்காக எல்லாத்தையும் கலைக்கப் போறியள் எண்டால் கலையுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

பக்குரங்காவில் என்னை எதிர்த்து நிற்க ஆளில்லை என்று நான் சொல்வதுண்டு. அது வீட்டு வாசலோடு சரி. மகளைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கி, “டோன்ட் லுக் அட் மீ, அப்பா,” என்றாள். கணக்காளர் கடலையை மென்றுகொண்டு வந்து மேடையைக் குனிந்து பார்த்தார்.

“ஐசே, ஒக்லாந்தில ஒரே ஒரு புத்தகம். அதையும் சரஸ்வதி இரவல் வாங்கிப்போட்டா. பாஸ் பண்ணப் போறது அவதான்.”

கதவு மணி அடித்தது. தாதி. கையில் வாழைப்பழக் கேக். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாத மனுஷி.

“புத்தகத்தைத் தா, நான் உடனே போகவேண்டும்,” என்றார்.

உள்ளே கூட்டிப்போய் மேடையைக் காட்டி விளக்கினேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பட்டையும் படத்தையும் கும்பத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அடியில் பச்சை மட்டையின் ஒரு மூலை தெரிந்தது. அதில் குங்குமப் பொட்டு வேறு.

“எப்போது வரை அசைக்கக் கூடாது?”

“நாளை விடியும் வரை.”

“புதிதாக வெட்டித் தைத்த நோயாளியைப் போல?”

மனைவிக்குத் தமிழில் சொன்னேன். “ஓம், அப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ. நல்லா விளங்கியிருக்கு அவவுக்கு,” என்றாள். தாதி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத்தான் அந்த இடத்தில் ஆதரவு இல்லாமல் போனது. இவர் கத்துவார், அந்தச் சாட்டில் புத்தகத்தை உருவிவிடலாம் என்றுதான் நான் கடைசியாக நம்பியிருந்தேன்.

அவர் கேக்கைக் கணக்காளரின் கையில் கொடுத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். முழங்கால் மடங்காது. “நீ எதை வாசித்தாய்?”

“பின்பாதி.”

“நான் முன்பாதி. அப்படியானால் புத்தகம் எதற்கு? வார்டில் முறை மாறும்போது என்ன செய்வோம் தெரியுமா? போகிறவள் வருகிறவளுக்கு ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்பாள். இவருக்கு என்ன வருத்தம், எப்போது வந்தார், இரவு என்ன நடந்தது, இனி எதைக் கவனிக்கவேண்டும். ஒரு கட்டிலை விட்டாலும் ஆள் செத்துவிடும். இருபது கட்டிலையும் வாயால் ஒப்படைத்தவள் நான். உட்கார்.”

வாசிக்கக் கூடாது, சரி. கதைக்கலாமா? மனைவியைக் கேட்டேன்.

“கதைக்கிறதை ஆர் வேண்டாமெண்டது? சரஸ்வதி இருக்கிறதே நாவிலதானே. நல்லாக் கதையுங்கோ. பாயை எடுத்துப் போடுறன்.”

அப்படித்தான் பூசை மேடைக்கு முன்னால் பாய் விரித்து, விளக்கு எரிய, வந்த சனம் சுற்றியிருந்து வடை சாப்பிட, எங்கள் கடைசிப் பாடத்தைப் படித்தோம். தாதி முன்பாதியை ஒவ்வொரு அத்தியாயமாக ஒப்படைத்தார். பழைய யப்பானின் நிலவரி அவர் வாயில் பழைய நோயாளி ஆயிற்று. எப்போது படுத்தது, யார் மருந்து கொடுத்தது, எங்கே மோசமாகியது என்று சொல்லுவார். நடுவில் நிறுத்தி, “திருப்பிச் சொல்,” என்பார். திருப்பிச் சொன்னேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் ஏறும். காதால் போனது அப்படியே கிடக்கும். எஞ்சின் சத்தம் படித்த காதல்லவா?

பிறகு என் முறை. பின்பாதி முழுவதும் தொழிற்சாலைகள். நான் எழுந்து நின்றே சொன்னேன். இடையிடையே தமிழில் சனத்துக்கும் சொன்னேன். கணக்காளருக்கு அது பொறுக்கவில்லை.

“நிப்பாட்டும். அந்தக் குட்டி நாடு இங்கிலாந்துக்காரனைக் காரில வெண்டது எப்பிடி? அதைச் சொல்லும் பாப்பம்.”

புத்தகத்தில் அதற்கு நீளமான விளக்கம் இருந்தது. வங்கி, கல்வி, அரசாங்கம் என்று. அதைச் சொன்னேன். ஆனால் அவர் முகத்தில் திருப்தி தெரியவில்லை. என் கண் மேடையில் கிடந்த ஆயுதப் பையில் விழுந்தது. தொடாமல் கையால் காட்டினேன்.

“அந்தப் பையைப் பாருங்கோ. யப்பான்காரன் ஒவ்வொரு காருக்குள்ளயும் அதை வச்சு விடுறான். வாங்கிறவன் ஒருநாள் தானே திறந்து பாப்பான், அவனுக்கும் கை இருக்கு எண்டு நம்புறான். இங்கிலாந்துக்காரன்ர கார் பொனற்றைத் திறந்தால் கை போற இடத்தில ஆணி இல்லை, ஆணி இருக்கிற இடத்தில கை போகாது. ‘தொடாதை, என்னட்டக் கொண்டு வா’ எண்டு சொல்லுற கார் அது. வாங்கிறவனை மதிச்சவன் வெண்டான்.”

சனம் கை தட்டியது. தாதிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்: “இது புத்தகமா, நீயா?”

“நான்.”

“சரி,” என்று, மனதில் குறித்துக்கொள்வதுபோல விரலை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையிலேயே தாதி வந்துவிட்டார். மனைவி தலையில் ஈரத் துண்டோடு பூசையைச் செய்து, படத்தை இறக்கி, பட்டை மடித்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில் கிடந்த பச்சைப் புத்தகத்தை எடுத்ததும் என்னிடம் தருவாள் என்று கையை நீட்டினேன். தாதியிடம் கொடுத்தாள். “வந்தவ முதல்ல வாசிக்கட்டும்.” தாதி நின்றபடியே ஒரு பக்கத்தைத் திறந்து நாலு வரி உரத்து வாசித்தார். பிறகு நான் நாலு வரி. மகள் தன் புவியியல் புத்தகத்தில் ஒரு வரியை முணுமுணுத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாட்டப் போனாள். அவ்வளவுதான். துறைமுகப் பாலத்தில் நான் ஓட்ட, தாதி பக்கத்தில் இருந்து, இரவு சந்தேகப்பட்ட இடங்களை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். நாங்கள் வாயால் ஒப்படைத்ததில் இரண்டு ஆண்டுகளும் ஒரு மந்திரியின் காரியமும்தான் மாறிக் கிடந்தன.

பரீட்சையில் கை ஓயாமல் எழுதினேன். கடைசிக் கேள்வி, கணக்காளர் கேட்ட கேள்வியேதான். வேறு சொல்லில் இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. வங்கி, கல்வி, அரசாங்கம் எல்லாம் எழுதி, முடிவில் ஆயுதப் பையையும் எழுதினேன்.

சில நாள் கழித்து விரிவுரையாளர் கராஜுக்குத் தொலைபேசி எடுத்தார். என்னை மட்டும் வரச் சொன்னார். இப்படி ஒருவரையும் கூப்பிட்டதில்லை. போனேன். மேசையில் இரண்டு விடைத்தாள்கள் அருகருகே கிடந்தன. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஒன்று தாதியின் கையெழுத்து என்று கண்டுவிட்டேன்.

“இரண்டிலும் ஒரே உதாரணம். காரில் ஒரு ஆயுதப் பை. இந்தப் புத்தகம் முழுவதும் தேடினேன், இல்லை. நீ ‘நூலாசிரியர் கூறுவதுபோல’ என்று எழுதியிருக்கிறாய். எங்கே கூறுகிறார்?”

ஒருவரைப் பார்த்து ஒருவர் கொப்பி அடித்தார்கள் என்று முடிவு வந்தால் இரண்டு பேரும் அதோடு சரி. தாதி களவெடுத்தார் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

“அது என்னுடையது. அவர் என்னிடமிருந்து கேட்டது. பரீட்சையில் இல்லை, என் வீட்டில், முதல் நாள்,” என்று தொடங்கிப் பூசை, பட்டு, கும்பம், பாய், வடை, கணக்காளர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாதியின் விடைத்தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அங்கே தாதியின் வட்ட எழுத்தில் இருந்தது: இந்தக் கருத்து புத்தகத்தில் இல்லை, பக்குரங்காவில் கராஜ் வைத்திருக்கும் என் வகுப்புத் தோழர் வாயால் சொன்னது.

“அவர் பொருளை எங்கே வாங்கினார் என்று எழுதியிருக்கிறார். உன் சொந்தப் பொருளுக்கு நீ ஏன் வேறொருவருடைய பெயரை ஒட்டினாய்?”

யோசித்தேன். “எட்டாம் வகுப்புக்காரன் சொன்னான் என்றால் யார் மதிப்பார்கள்? தடித்த புத்தகம் சொன்னால் மதிப்பார்கள்.”

“முதல் கட்டுரையில் ஆதாரம் நான்தான் என்று சண்டைக்கு வந்தவன் நீ.”

“வந்தேன்.”

“அந்த ஆளை எங்கே விட்டாய்?” என்று கேட்டுவிட்டு, ஒரு காலை மற்றக் காலில் உரசிக்கொண்டு சிரித்தார். “இன்னொன்று. உன் கருத்து முழுச் சரியும் இல்லை. என் அப்பாவின் இங்கிலாந்துக் காரில் ஒரு பெட்டி நிறைய ஆயுதம் இருந்தது.”

“நான் திருத்திய ஒன்றிலும் இருக்கவில்லை. யாரோ கழற்றியிருப்பான்.”

“இருக்கலாம். ஆதாரம் கொண்டு வா.”

அந்தக் கேள்விக்கு எனக்குப் புள்ளியைக் குறைத்தார். குறைத்தும் பாஸ். தாதிக்கு என்னை விட நல்ல பெறுபேறு. அதே உதாரணம்தான், அதே பைதான்! அவருக்கு அதில் புள்ளி ஏறியது, எனக்கு இறங்கியது. ஆனால் அந்தச் சின்னக் கல்லூரியில் ஒரு விடைத்தாளில் பச்சைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஆதாரமாக நின்றவன் நான் ஒருவன்தான். இதை எந்தக் கணக்காளரும் தன்னைப் பற்றிச் சொல்லமுடியாது.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் முதலில் தாதியின் பெறுபேற்றைத்தான் கேட்டாள். “பாத்தியளே, முதல்ல வாசிச்சது அவவெல்லோ,” என்று சொல்லிவிட்டுச் சாமிப்படத்துக்குப் பூ வைக்கப் போனாள். நான் தொலைபேசியை எடுத்துக் கணக்காளரைக் கூப்பிட்டேன்.

“நான் எது வரைக்கும் படிச்சனான் எண்டு இப்ப கேளும்.”

“பாஸோ ஐசே?”

“பாஸ். டிகிரி முடிஞ்சுது.”

“உண்மையாவோ? சந்தோசம் ஐசே. மெய்யாச் சொல்லுறன், நல்ல சந்தோசம்.” குரலில் கேலி இல்லை. நான் எதிர்பார்த்திருந்த பதில்களில் அது இருக்கவில்லை. அவரே தொடர்ந்தார். “நானும் உமக்குப் போன் எடுக்கத்தான் இருந்தனான். என்ர காரில காலமை துவக்கம் ஒரு சத்தம். போனைக் காருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேக்கவைக்க வயர் எட்டாது.”

“வாயால செய்து காட்டும்.”

கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்த அந்த மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொலைபேசிக்குள் ‘கிர்ர்ர், டக், டக்’ என்று செய்து காட்டினார். இரண்டாம் முறையும் செய்யச் சொன்னேன். பிறகு காருக்கு வருத்தம் என்னவென்று சொன்னேன்.

சரியாகத்தான் இருந்தது.